முளைப்பயறு விற்கிறேன்: கிருமி இருக்கிறதா என்று அன்றைக்கே சொல்லும் பயோசென்சர் நமக்குக் கிடைக்குமா?

#1 முளைக்கூடை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். கோவைக்கு வெளியே, வீட்டை ஒட்டிப் போட்ட ஷெட்டில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, வெந்தயம் மூன்றையும் முளைகட்டி டப்பாவில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இருக்கிறது. உடன் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோரும் கையுறை, தலையுறை போட்டுத்தான் உள்ளே வருவார்கள். "பிரிட்ஜில் வைத்து 4 நாட்களுக்குள் பயன்படுத்தவும்" என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறோம்.

என் சிக்கல் இதுதான். வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாக்களான சால்மொனெல்லாவும் ஈ.கோலையும் இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கு சாம்பிள் அனுப்பினால் ரிப்போர்ட் வர 5 நாள் ஆகிறது, நடுவில் ஞாயிறு வந்தால் இன்னும் ஒரு நாள். அதற்குள் அந்தச் சரக்கு முழுவதையும் மக்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இதுவரை ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியாகத்தான் வந்திருக்கிறது. ஒருநாள் தப்பாக வந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நிறைய பேர் இதைப் பச்சையாகவே குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

உணவில் உள்ள பாக்டீரியாவைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கும் பயோசென்சர் வந்துவிட்டதாக அடிக்கடி செய்தியில் படிக்கிறேன். ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி மாதிரி கையடக்கமாக இருக்குமாம். உண்மையிலேயே கடையில் கிடைக்கிறதா? என்னைப் போல் சின்ன அளவில் செய்பவர்கள் அதை நம்பி வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பெட்ரித்தட்டு (சென்னை, உணவு ஆய்வகம்)

வணக்கம் மேடம். நான் இருப்பது நீங்கள் சாம்பிள் அனுப்புகிற பக்கம். ஏன் 5 நாள் ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் டப்பாவிலிருந்து 25 கிராம் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு 225 மி.லி. பெப்டோன் என்ற சத்து கலந்த நீர் ஊற்றுவோம். ஸ்டமக்கர் என்ற இயந்திரத்தில் இரண்டு தகடுகள் மாறி மாறி அந்தப் பையை அடிக்கும். பயறு நசுங்கி நீர் கலங்கலாகும். அதை 37 டிகிரியில் 18 மணி நேரம் வைப்போம். வெந்நீரோ குளோரினோ பட்டுச் சோர்ந்து கிடக்கும் பாக்டீரியா தேறி எழுவதற்கான நேரம் அது. அப்புறம் அதில் ஒரு சொட்டு, 0.1 மி.லி., சால்மொனெல்லாவை மட்டும் வளரவிட்டு மற்றதை அமுக்கும் ஊடகத்துக்குப் போகும். 41.5 டிகிரி, இன்னொரு நாள். மூன்றாம் நாள் எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்பு நிற வளர்ப்புத் தட்டில் கம்பியால் கோடு இழுப்போம். நான்காம் நாள் காலையில் தட்டைத் திறந்தால், நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த காலனி, அதாவது பாக்டீரியாக் கூட்டம், இருக்கிறதா என்று பார்ப்போம்.

கறுப்புப் பொட்டு இருந்தாலே சால்மொனெல்லா என்று எழுதிவிட முடியாது. புரோட்டியஸ், சிட்ரோபேக்டர் போன்ற வேறு பாக்டீரியா எல்லாம் அதே வேஷத்தில் வரும். முளைப்பயறு சாம்பிளில் இந்தத் தொல்லை மிக அதிகம். உறுதிசெய்ய இன்னும் ஒன்றிரண்டு நாள் போய்விடும்.

25 கிராமில் ஒரே ஒரு உயிருள்ள செல் இருந்தாலும் விடாமல் பிடிக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்குவதற்குத்தான் இத்தனை நாள். சென்சர் இந்த வேலையை எப்படிச் செய்யும் என்பதை அந்தத் துறையினர் யாராவது சொல்லட்டும்.

#3 மின்முனை

நான் அந்தத் துறைதான். மின்வேதியியல் பயோசென்சரில் ஆராய்ச்சி மாணவன்.

அக்கா, எந்தப் பயோசென்சராக இருந்தாலும் அதில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, தேடுகிற பொருளை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் உயிர்மூலக்கூறு. எதிர்ப்பொருள், நொதி, டி.என்.ஏ. இழை, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ் என்று ஏதாவது ஒன்று. இன்னொன்று, பிடித்ததை மின்சாரமாகவோ ஒளியாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்டும் பாகம். 1962-ல் லேலண்ட் கிளார்க் நொதியையும் மின்முனையையும் சேர்த்துக் குளுக்கோஸ் அளக்கும் வழியைச் சொன்னார். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரைக் கருவி அந்த வழியில் வந்ததுதான்.

செய்திகளில் இந்தச் சர்க்கரைக் கருவியோடு ஒப்பிட்டு எழுதுவதால்தான் எதிர்பார்ப்பு தவறாகப் போகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 3,000 லட்சம் கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கும். கருவிக்குத் தேடும் வேலையே இல்லை. உங்கள் சாம்பிளிலோ 250 மி.லி. கலங்கல் நீரில் ஒரே ஒரு பாக்டீரியா. என் சென்சரில் நான் வைக்கக்கூடியது 100 மைக்ரோலிட்டர் சொட்டு. அந்த 250 மி.லி.யில் அப்படிப்பட்ட சொட்டுகள் 2,500 இருக்கின்றன. நான் எடுத்த சொட்டில் அந்தப் பாக்டீரியா இருக்க 2,500-ல் ஒரு வாய்ப்பு. உலகத்திலேயே நுட்பமான சென்சராக இருந்தாலும், சொட்டில் இல்லாததை அது காட்டாது.

"5 நிமிடத்தில்" என்று வரும் செய்தியில் பெரும்பாலும் விட்டுப்போகும் வரி ஒன்று உண்டு: "8 முதல் 18 மணி நேரம் வளர்த்த பிறகு". நல்ல ஊட்டமும் 37 டிகிரி வெப்பமும் இருந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஏட்டுக் கணக்கில் 8 மணி நேரத்தில் ஒன்று 1.67 கோடி ஆகும், மி.லி.க்கு 67,000. அந்த அளவு வந்துவிட்டால் நல்ல மின்வேதியியல் சென்சருக்குச் சிரமமே இல்லை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போல இருக்கும் தங்கத் துகள் பட்டைகளுக்கு அதுவும் போதாது. மி.லி.க்கு ஒரு லட்சம், 10 லட்சம் இருந்தால்தான் சிவப்புக் கோடு தெரியும்.

ஆகவே 5 நாளை ஒரு நாளாக்க முடியும், சில இடங்களில் ஒரு ஷிஃப்டாகவும் ஆக்கலாம். பச்சை முளைப்பயறில் வைத்து 5 நிமிடத்தில் "இல்லை" என்று சொல்லும் கருவி இன்று இல்லை.

#4 இளவேனில்

அப்படியென்றால் அந்தச் செய்திகள் எல்லாம் பொய்யா? கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாளிலேயே சென்சரை அச்சடித்து, ஈ.கோலை இருந்தால் ஒளிரும்படி செய்திருப்பதாகப் படித்தேனே. பையைத் திறக்கவே வேண்டாமாம்.

#5 மின்முனை

பொய் இல்லை தம்பி. 2018-ல் வந்த நல்ல வேலை அது. டி.என்.ஏ.வை நொதி போல வேலை செய்ய வைத்து, ஈ.கோலை வெளியிடும் பொருள் பட்டதும் இழை அறுந்து ஒளி வரும்படி செய்தார்கள். பிறகு அதே குழுவினர் பொட்டலத்துக்குள் தட்டு ஒன்றை வைத்து, சமைத்த கோழி இறைச்சியில் சால்மொனெல்லாவைக் காட்டினார்கள். இறைச்சியிலிருந்து வடியும் சாறு தானாகவே சென்சர் இருக்கும் இடத்துக்கு ஓடிவரும்படி தட்டைச் சரிவாக அமைத்ததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் துறையில் பெரும்பாலானவர்கள் மின்முனையை மெருகேற்றிக்கொண்டே இருக்கிறோம். பாக்டீரியாவை மின்முனைக்கு எப்படிக் கொண்டுவருவது என்று யோசிப்பவர்கள் குறைவு.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அக்காவின் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தையும் சொல்ல வேண்டும். சோதனைச்சாலையில் சுத்தமான உப்புக் கரைசலிலோ பாலிலோ தெரிந்த எண்ணிக்கையில் பாக்டீரியாவைக் கலந்து "மி.லி.க்கு 10 செல் வரை பிடித்தோம்" என்று எழுதுவோம். முளைப்பயறில் கெடுதல் செய்யாத பாக்டீரியாவே கிராமுக்கு 10 கோடி வரை இருக்கும். பயறின் மாவுச்சத்தும் புரதமும் மின்முனையில் படிந்து மூடிவிடும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சால்மொனெல்லாவைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது போலத்தான். அதனால்தான் எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளைச் சாம்பிளில் விட்டுக் கலக்கி, காந்தம் வைத்து இழுத்து, முதலில் ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு எந்தச் சென்சரில் வைத்தாலும் வேலை சுலபம்.

இன்னொரு சிக்கல், உயிருள்ளதையும் செத்ததையும் பிரிப்பது. குளோரினில் செத்துப்போன பாக்டீரியாவின் டி.என்.ஏ. அப்படியே கிடக்கும். டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர்., கிரிஸ்பர் வகை சென்சர்கள் அதையும் "இருக்கிறது" என்று காட்டக்கூடும். எதிர்ப்பொருளும் பிணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃபேஜ் அப்படி இல்லை, உயிருள்ள செல்லுக்குள்தான் அது பெருகும். ஒளிரும் நொதிக்கான மரபணுவை ஃபேஜில் செருகி விட்டால், உயிரோடு இருக்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மட்டும் ஒளிரும். வரும் வருடங்களில் உணவுத் துறைக்கு ஃபேஜ் சென்சர்தான் கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. என் வழிகாட்டி இதை ஏற்கமாட்டார், அவருக்கு ஆப்டமர், அதாவது ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி செய்த சிறு டி.என்.ஏ. இழைதான்.

#6 எல்பேக்கரை (ஹாம்பர்க்)

முளைப்பயறு, அதிலும் வெந்தயம் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2011 மே மாதம் நான் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில்தான் இருந்தேன்.

ரத்தக் கழிச்சலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள், நல்ல ஆரோக்கியத்தோடு சாலட் சாப்பிட்டவர்கள். ஈ.கோலை ஓ104:எச்4 என்ற வகை. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் காரணம் காட்டினார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் அடுக்குகள் காலியாகக் கிடந்தன. நாங்கள் வீட்டில் தயிர்ப்பச்சடிகூடச் செய்யவில்லை. சில நாட்களில், வெள்ளரிக்காயில் இருந்தது வேறு ரகம், நோயாளிகளிடம் இருப்பது வேறு என்று தெரியவந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்கு இழப்பீடாக 21 கோடி யூரோ ஒதுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 10 அன்றுதான் லோயர் சாக்சனியில் உள்ள ஒரு பண்ணையின் முளைவிதைகள்தான் காரணம் என்று அறிவித்தார்கள். இதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வகக் கருவியும் இல்லை. ஒரே உணவகத்தில் சாப்பிட்ட குழுக்களைத் தேடிப் பிடித்து, பில்லையும் புகைப்படங்களையும் வைத்து யார் எந்தத் தட்டைச் சாப்பிட்டார்கள் என்று பார்த்தார்கள். அந்தத் தட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். மேலே தூவிய முளையைச் சாப்பிட்டவர்களுக்கே நினைவில்லை. அதே மாதம் பிரான்சில் போர்டோ அருகிலும் சிலர் நோயுற்றார்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தது 2009-ல் எகிப்திலிருந்து வந்த ஒரு லாட் வெந்தயம். எகிப்து வெந்தயத்துக்கு ஐரோப்பா தடை போட்டது.

ஜெர்மனியில் 3,800 பேருக்கு மேல் நோயுற்று, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இத்தனைக்கும் அந்த வெந்தயத்தை எத்தனையோ முறை சோதித்தும் விதையில் அந்தப் பாக்டீரியா கடைசிவரை சிக்கவில்லை. சென்சரைப் பற்றிப் பேசும்போது இதையும் மனதில் வையுங்கள்.

#7 முளைக்கூடை

படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை அண்ணா. இன்றைக்கு வெந்தயம் ஊறப்போடவில்லை. விதையில் சிக்காதது முளையில் எப்படி வந்தது?

#8 பெட்ரித்தட்டு

விதையின் தோல் வெடிப்புக்குள் ஒன்றிரண்டு செல் ஒளிந்திருந்தால் போதும் மேடம். நீங்கள் ஊறவைத்து, வெதுவெதுப்பாக மூடிவைத்து, அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறீர்கள். ஆய்வகத்தில் நாங்கள் 37 டிகிரியில் செய்யும் அதே வேலையைத்தான் உங்கள் கூடையும் செய்கிறது. 1996-ல் ஜப்பானின் சகாய் நகரில் பள்ளிக்குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஈ.கோலை ஓ157:எச்7-ஆல் பாதிக்கப்பட்டபோதும் முள்ளங்கி முளை மீதுதான் சந்தேகம் விழுந்தது.

இப்போது சாம்பிள் கணக்கைப் பாருங்கள். பெரிய பேட்ச் ஒன்றில் நூற்றுக்கு ஒரு டப்பாவில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 டப்பாவைச் சோதித்தால் கிருமி டப்பா ஒன்றுகூட வராமல் போக 95 சதவீத வாய்ப்பு. 60 டப்பாவைச் சோதித்தாலும் பாதிக்கு மேல் தவறிப்போகும். 95 சதவீதம் பிடிக்க வேண்டுமென்றால் 300 டப்பா வேண்டும். நீங்கள் மாதம் ஒரு டப்பா அனுப்புகிறீர்கள். நான் தரும் "இல்லை" என்ற ரிப்போர்ட் அந்த ஒரு டப்பாவின் 25 கிராமுக்குத்தான்.

இதற்கு முளைத்தொழிலில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பயறைச் சோதிக்காதீர்கள், பயறைக் கழுவி வடியும் தண்ணீரைச் சோதியுங்கள். கூடையில் இருக்கும் ஒவ்வொரு பயறையும் தொட்டுவிட்டு வரும் தண்ணீர் அது. அமெரிக்காவில் முளை உற்பத்தியாளர்களுக்கு இது சட்டமே. ஒவ்வொரு பேட்சின் வடிநீரிலும் ஓ157, சால்மொனெல்லா இரண்டையும் பார்த்து, இல்லை என்று வந்த பிறகுதான் சரக்கை வெளியே விடலாம். அங்கே முளைக்க 4, 5 நாள் விடுவார்கள், 48 மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுப்பார்கள். நம் பச்சைப்பயறு ஒன்றரை நாளில் தயாராகிவிடும் என்பதால் நீங்கள் கடைசிக் கழுவலுக்கு முன்பு வடியும் தண்ணீரை எடுக்க வேண்டியிருக்கும்.

#9 மின்முனை

இது எனக்கும் பெரிய விஷயம் அக்கா. தண்ணீர் என்றால் சென்சர் வேலை பாதி குறைந்தது. ஒரு லிட்டரை வடிகட்டிச் சவ்வில் சேர்க்கலாம், காந்த மணியை விடலாம், நார் அடைக்காது. உங்கள் கூடைக்குள் பாக்டீரியா ஏற்கெனவே ஒரு நாளுக்கு மேல் பெருகியிருக்கும் என்பதால் தனியாக வளர்க்கும் நேரமும் குறையும். பயோசென்சர் முதலில் பயன்படப்போகும் இடங்கள் இப்படிப்பட்டவைதான்: கழுவும் தண்ணீர், பால், பழச்சாறு.

#10 சொசைட்டிப்பால் (நாமக்கல் பக்கம்)

பால் என்றதும் ஒன்று சொல்கிறேன். நான் பால் கூட்டுறவுச் சங்கத்தில் டெஸ்டர். எங்களிடம் எந்தச் சென்சரும் இல்லாத காலத்திலிருந்து எம்.பி.ஆர்.டி. என்ற நிறமாற்றச் சோதனை செய்கிறோம். 10 மி.லி. பாலில் 1 மி.லி. மெத்திலின் புளூ விட்டு 37 டிகிரி தண்ணீரில் குழாயை நிறுத்தி வைப்போம். பாலில் பாக்டீரியா அதிகமாக இருந்தால் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு நீலத்தை வெளுக்கச் செய்யும். 5 மணி நேரம் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணியில் வெளுத்தால் அந்தக் கேனைத் தனியாக வை. எந்தப் பாக்டீரியா என்று அது சொல்லாது, ஆனால் எந்த வீட்டுக் கேன் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லிவிடும். ஒரு பைசா செலவில் அந்த வீட்டுக்குப் போய்ப் பேச ஆதாரம் கிடைக்கிறது.

தங்கச்சி, உங்கள் போர்வெல் தண்ணீருக்கு எச்2எஸ் பாட்டில் வாங்கிப் போடுங்கள். குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1982-ல் வெளியிட்ட முறை. தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். கிராமத்துக் குடிநீருக்கெல்லாம் இதைத்தான் போடுகிறார்கள்.

#11 பெட்ரித்தட்டு

போர்வெல்லுக்கு மட்டும். முளை வடிநீரில் போட்டால் சாதாரண பாக்டீரியாவுக்கே கறுக்கும், வீணாகப் பயந்துபோவீர்கள்.

#12 வலைக்கரை (தூத்துக்குடி, இறால் ஏற்றுமதி)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இங்கே பேச்சு "சென்சர் இன்னும் வரவில்லை" என்று முடிந்துவிடுமோ என்று தோன்றுகிறது. எங்கள் பிளாண்டில் விரைவுச் சோதனை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இறாலில் 25 கிராமுக்கு சால்மொனெல்லா இருக்கவே கூடாது. கண்டெய்னர் வெளிநாட்டில் போய் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் சரக்கு திரும்பும், அடுத்த கண்டெய்னர்கள் எல்லாம் நிறுத்திச் சோதிக்கப்படும். முன்பு தட்டு முடிவுக்காக ஒரு வாரம் கோல்ட் ஸ்டோரேஜில் போட்டு வைப்போம். இப்போது இரவு முழுக்க வளர்த்து, காலையில் பி.சி.ஆரில் ஏற்றி, மதியத்துக்குள் "இல்லை" என்றால் ஏற்றிவிடுகிறோம். "இருக்கிறது" என்று வந்தால் மட்டும் பழைய முறையில் உறுதிசெய்கிறோம். ஒரு வாரத்தை ஒன்றரை நாளாகக் குறைத்தால் மின்சாரம், வாடகை, வட்டி எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது, நாங்கள் சரக்கைவிடத் தரையை அதிகம் சோதிக்கிறோம். சாக்கடை வாய், கன்வேயர் அடிப்பக்கம், கத்திப் பிடி, கதவுக் கைப்பிடி. உயிர்செல்களில் இருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை அளக்கும் ஏ.டி.பி. மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. மின்மினிப் பூச்சி ஒளிரும் அதே நொதி அதன் பஞ்சுக் குச்சியில் இருக்கும். கழுவி முடித்த மேசையைத் துடைத்துக் கருவியில் செருகினால் அரை நிமிடத்துக்குள் எண் வரும். மிச்சமிருக்கும் அழுக்கு, உணவுத் துகள், செல் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த எண். எண் அதிகம் என்றால் ஷிஃப்ட் தொடங்காது, மறுபடி கழுவு. இந்தத் தொழிலில் நான் தினமும் கையில் எடுக்கும் பயோசென்சர் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ல் போலோனி என்ற தொத்திறைச்சியால் லிஸ்டீரியா பரவி 1,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்குள்ளேயே லிஸ்டீரியா குடியிருந்தது. பிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது அது. அக்கா, உங்கள் ஷெட்டில் தண்ணீர் தேங்கும் மூலை எது என்று பாருங்கள்.

#13 இரண்டுபிள்ளைத்தாய் (ஈரோடு)

தொழில் செய்பவர்களுக்குச் சரி. வீட்டில் இருக்கும் எங்களுக்கு? 2022-ல் காசர்கோடு பக்கம் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி இறந்தபோது ஷிகெல்லா பாக்டீரியா என்றார்கள். அடுத்த ஆண்டு நாமக்கல்லில் இன்னொரு சிறுமி. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடையே போட்டார்கள். என் பையன் டியூஷன் முடிந்து வரும்போது கூட்டாளிகளோடு எதையாவது வாங்கித் தின்றுவிட்டு வருகிறான். போனில் செருகி உணவைத் தொட்டுப் பார்க்கும் கருவி வந்தால் எவ்வளவு விலை என்றாலும் வாங்குவேன்.

#14 மின்முனை

உங்கள் கவலை புரிகிறது அக்கா. ஆனால் அப்படி ஒரு கருவி விற்பனைக்கு வந்தாலும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

99 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பொட்டலத்தில் ஒன்றில் கிருமி. ஆயிரத்தையும் சோதித்தால் அந்த ஒன்றைப் பிடிக்கும், கூடவே நல்ல உணவில் சுமார் 10-ஐயும் "கிருமி" என்று காட்டும். மூன்றாவது பொய் எச்சரிக்கையிலேயே கருவியை அலமாரியில் போட்டுவிடுவீர்கள். அதோடு, ஷவர்மாவின் எந்த மூலையைத் தொடுவீர்கள்?

பாக்டீரியாவே இல்லாத ஆபத்தும் உண்டு. சோற்றை வெளியே விட்டால் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து ஒரு நச்சை விட்டுவைக்கும். மறுபடி கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், நச்சு அழியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சும் அப்படித்தான். செல்லைத் தேடும் சென்சர் அங்கே "இல்லை" என்று உண்மையைத்தான் சொல்லும், ஆனால் குழந்தை வாந்தி எடுக்கும். பையனிடம், இறைச்சி கம்பியில் இருந்து வழித்ததும் மறுபடி தோசைக்கல்லில் சூடாக்குகிறார்களா, மயோனைஸ் வெயிலில் திறந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கு அவன் கண்தான் உதவும்.

#15 சொசைட்டிப்பால்

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. நம் வீட்டில் சுண்டலைப் பச்சையாகவா தின்றோம்?

#16 மின்முனை

அண்ணா, வேகவைப்பதுதான் முதல் பாதுகாப்பு, அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டது, போகாது. பால் காய்ச்சித்தான் குடிக்கிறோம், ஆனாலும் நீங்கள் ஏன் எம்.பி.ஆர்.டி. பார்க்கிறீர்கள்? எந்தக் கேன் என்று தெரிய வேண்டும், அதற்காக. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். அதில் 1,25,000 பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இவர்களில் பெரும்பாலானோர் இருக்கும் ஊர்களில் பெட்ரித்தட்டு அண்ணனுடையதைப் போல ஆய்வகம் இல்லை. குளிர்சாதனம் வேண்டாத, நுண்ணுயிரியல் படிக்காதவரும் பார்க்கக்கூடிய, வடிநீரில் நனைத்தால் அன்றைக்கே பதில் சொல்லும் மலிவான பட்டை ஒன்று வந்தால் அது யாருக்கு வேண்டும்? முளைக்கூடை அக்காவுக்குத்தான். நான் இந்தத் துறையில் இருப்பதே அதற்காகத்தான்.

#17 முளைக்கூடை

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போதைக்கு நான் முடிவு செய்திருப்பது. பச்சை வெந்தய முளை நிறுத்தம். பச்சைப்பயறையும் கடலையையும் ஆவியில் காட்டி, ஆறவைத்து, "ஆவியில் வேகவைத்தது" என்று போட்டு விற்றுப் பார்க்கப்போகிறேன். பச்சையாகவே வேண்டும் என்று கேட்கும் இரண்டு கடைகளுக்கு மட்டும் ஒவ்வொரு பேட்சுக்கும் வடிநீர் எடுத்து அனுப்புவேன். பி.சி.ஆர். முறையில் அடுத்த நாளே "இல்லை" என்று தெரிந்தால் அப்புறம் வண்டியில் ஏற்றலாம். விலை ஏறும், கடைக்காரர்களிடம் பேசிக்கொள்கிறேன். வலைக்கரை தம்பி சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன், ஷெட்டின் கிழக்கு மூலையில் தண்ணீர் தேங்குகிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

பெட்ரித்தட்டு சார், ஒரு சந்தேகம். நான் பயறை ஊறப்போடும் முன் குளோரின் தண்ணீரில் அலசுகிறேன். பிறகு முளையிலிருந்து எடுக்கும் வடிநீரைச் சாதாரண பாட்டிலில் பிடித்து அனுப்பலாமா?

#18 பெட்ரித்தட்டு

கூடாது மேடம். தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தால் வரும் வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்றுகொண்டு வரும், எங்களுக்கு "இல்லை" என்று தப்பாகக் காட்டும். ஸோடியம் தயோசல்ஃபேட் போட்ட கிருமிநீக்கிய பாட்டில் லேபிலேயே கேட்டு வாங்குங்கள், அது குளோரினை முறித்துவிடும். பாட்டிலைக் கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் தூள் போய்விடும். மூடியின் உள்பக்கம் கை படக்கூடாது. கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டவைத்து உறையவிட வேண்டாம். பேட்ச் எண்ணோடு தண்ணீர் பிடித்த நேரத்தையும் பாட்டில் மேல் எழுதுங்கள், பயறு ஊறப்போட்ட நேரத்தையும் சேர்த்து.

#19 முளைக்கூடை

குறித்துக்கொண்டேன் சார். வியாழக்கிழமை பேட்சிலிருந்து தொடங்குகிறேன். முதல் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுகிறேன்.